கார் சாவியில் 'பேட்டரி லோ' காட்டுதா? 50 ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாறாதீங்க!

வடமதுரை:-

முகூர்த்த நாள். காலை 6 மணி. வடமதுரை சவுந்தரராஜ பெருமாள் கோவில் முன்பு பூ அலங்காரத்துடன் ஒரு கார் நிற்கிறது. தாலி கட்டி முடித்து மணமக்கள் மாலையும் கழுத்துமாக காரை நோக்கி வருகிறார்கள். டிரைவர் ஓடிப்போய் கதவு கைப்பிடியில் உள்ள சின்ன பட்டனை அமுக்குகிறார். திறக்கவில்லை. மறுபடி அமுக்குகிறார். ம்ஹூம். பாக்கெட்டில் இருந்த சாவியை எடுத்து அதில் உள்ள பட்டனை அமுக்குகிறார். அதற்கும் அசையவில்லை.

சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "பேட்டரி இறங்கியிருக்கும்பா, தள்ளி ஸ்டார்ட் பண்ணு" என்றார் ஒரு பெரியவர். கதவே திறக்காத காரை எங்கே இருந்து தள்ளுவது? கடைசியில் பொண்ணும் மாப்பிள்ளையும் ஆட்டோவில் ஏறி மண்டபத்துக்கு போய் சேர்ந்தார்கள். டிரைவருக்கு அன்றைய வாடகை போனது மட்டும் இல்லை, பேரும் போனது.

அந்த டிரைவர் வேறு யாரும் அல்ல. இந்த செய்தியை எழுதும் நிருபரின் மச்சான்தான்.

"மூணு வாரமா டேஷ்போர்டுல 'கீ பேட்டரி லோ'ன்னு காட்டிக்கிட்டுதான் மாப்ளே இருந்துச்சு. வண்டிதான் ஓடுதேன்னு விட்டுட்டேன்" என்றார் பாவம். அதோடு விட்டதா? சாவியை எடுத்துக்கொண்டு ஒரு கடைக்கு போனால், "சாவியே போச்சு, புதுசா போட்டு கோடிங் பண்ணனும், 9 ஆயிரம் ஆகும்" என்று சொல்லி இருக்கிறார்கள். கடைசியில் வாட்ச் கடையில் 50 ரூபாய் கொடுத்து வாங்கிய பட்டன் பேட்டரியில் அந்த சாவி உயிர் பெற்றது.

இந்த கூத்து அவருக்கு மட்டும் நடப்பது அல்ல. சாவி போடாமல் பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் கார்கள் முன்பு பணக்காரர்களிடம் மட்டும் இருந்தன. இப்போது பழைய கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுபவர், மில் அதிகாரிக்கு ஆக்டிங் போகிறவர், கல்யாண சவாரி அடிப்பவர் என எல்லார் கையிலும் இந்த சாவி வந்துவிட்டது. கார் கைமாறும்போது கூட வரவேண்டிய விளக்க புத்தகம் மட்டும் வருவதே இல்லை.

பூட்டுக்கு பேர் போன ஊர்

திண்டுக்கல் பூட்டுக்கு ஊர் உலகமெல்லாம் பேர். 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம்ம மாங்காய் பூட்டுக்கு பேட்டரி கிடையாது. சாவியில் உள்ள பல் பூட்டுக்குள் இருக்கும் நெம்புகோல்களை சரியான உயரத்துக்கு தூக்கினால் திறக்கும், இல்லாவிட்டால் திறக்காது. அவ்வளவுதான்.

கார் ஸ்மார்ட் சாவி அப்படி இல்லை. அது ஒரு குட்டி ரேடியோ. நீங்கள் கதவு கைப்பிடி பட்டனை அமுக்கியதும் கார் மெல்லிய குரலில், "யாருப்பா அங்கே, நம்ம ஆளா?" என்று கேட்கிறது. இந்த குரல் ஏறத்தாழ 125 கிலோ ஹெர்ட்ஸ் அலைவரிசையில், கதவை சுற்றி ஒன்றிரண்டு மீட்டர் தூரத்துக்குத்தான் கேட்கும். பாக்கெட்டில் இருக்கும் சாவி அதை கேட்டு விழித்துக்கொண்டு, "ஆமா, நான்தான்" என்று ரகசிய எண்ணோடு பதில் சொல்கிறது. பதில் போவது வேறு அலைவரிசை. நம்ம நாட்டு கார்களில் பெரும்பாலும் 433 மெகா ஹெர்ட்ஸ். எண் சரியாக இருந்தால் கதவு திறக்கும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். 1990-களின் கடைசியில் மெர்சிடஸ் பென்ஸ் சொகுசு காரில் வந்த இந்த வசதி, இப்போது சின்ன கார் வரை இறங்கிவிட்டது.

பதில் சொல்லும்போதே பல கார்களில் சாவி தன் உடம்பு நிலவரத்தையும் சேர்த்து சொல்லும். "என் பேட்டரி தேய்ஞ்சு போச்சு" என்று அது சொல்வதைத்தான் கார் நமக்கு டேஷ்போர்டில் மஞ்சள் எழுத்தில் காட்டுகிறது. ஆக, அந்த எச்சரிக்கை வந்தால் குறை காரில் இல்லை, உங்கள் பாக்கெட்டில் இருக்கிறது.

எந்த பேட்டரி?

நம்ம ஆட்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். காரில் இரண்டு பேட்டரி சம்பந்தப்பட்டு இருக்கிறது. ஒன்று பானெட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பெரிய பேட்டரி. இன்னொன்று சாவிக்குள் இருக்கும் 3 வோல்ட் பட்டன் பேட்டரி. எது இறங்கினாலும் கதவு திறக்காது, வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஆனால் அடையாளம் வேறு.

பெரிய பேட்டரி இறங்கினால் உள்ளே லைட் மங்கும், ஹாரன் முனகும், ஸ்டார்ட் செய்தால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வரும். சாவி பேட்டரி இறங்கினால் காரில் லைட், ஹாரன் எல்லாம் ஜம்மென்று இருக்கும். ஆனால் 'சாவியை காணோம்' என்று டேஷ்போர்டு சொல்லும். கையில் சாவியை வைத்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்து சாவி இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது!

'பேட்டரி லோ' என்பதும் 'சாவி இல்லை' என்பதும் ஒன்று அல்ல. முதலாவது, சாவி பேசுகிறது, ஆனால் சோர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, சாவியின் குரலே காருக்கு கேட்கவில்லை. அதற்கு பேட்டரி மட்டும் காரணமாக இருக்கவேண்டும் என்பது இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி வைத்திருப்பவர் டீ குடிக்க இறங்கிப் போனாலும் அதே வரிதான் வரும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் அய்யலூர் தாண்டிப் போய் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. சாவியோ வடமதுரை டீக்கடையில் இருக்கும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

சாவி பேட்டரிதான் குற்றவாளியா என்று பார்க்க மெக்கானிக் தேவை இல்லை. காரில் இருந்து 10 அடி, 20 அடி, 30 அடி என்று தள்ளிப் போய் சாவி பட்டனை அமுக்கிப் பாருங்கள். முன்பு தெருக்கோடியில் இருந்து திறந்த கார் இப்போது பக்கத்தில் வந்தால்தான் திறக்கிறது என்றால் பேட்டரி தேய்ந்துவிட்டது. இரண்டு மூன்று முறை அமுக்கினால்தான் வேலை செய்கிறது என்றாலும் அதே கதைதான். சாவியில் சின்ன சிவப்பு விளக்கு இருந்தால் அது மங்கலாக எரியும், அல்லது எரியாமலே போகும்.

அடுத்து, வீட்டில் பீரோவில் தூங்கும் இரண்டாவது சாவியை எடுங்கள். முதல் சாவியை தூரமாக வைத்துவிட்டு இரண்டாவது சாவியால் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். எச்சரிக்கை வரவில்லை என்றால் முதல் சாவியில்தான் கோளாறு. இரண்டு சாவிக்கும் கார் மசியவில்லை என்றால்தான் காரை சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஒரு விஷயம். பீரோவில் சும்மா கிடந்த சாவியின் பேட்டரியும் தேயும். சாவி எப்போதும் காரின் குரலுக்காக காதை தீட்டிக்கொண்டே இருப்பதால், தொடாமல் வைத்தாலும் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால் இரண்டும் சேர்ந்தாற்போல இறங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

தெரிந்த எலக்ட்ரீசியனிடம் மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியை கழற்றி அளக்கலாம். புது பேட்டரி 3 வோல்ட்டுக்கு மேல், 3.2 வரை காட்டும். 2.8, 2.7 என்று வந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். இதிலும் ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. இந்த வகை லித்தியம் பேட்டரி கடைசி காலம் வரை 3 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டு திடீரென்று சரியும். சும்மா அளக்கும்போது சரியாக காட்டிவிட்டு, சாவி பேச ஆரம்பித்ததும் மூச்சு வாங்கும் பேட்டரியும் உண்டு. மீட்டர் சரி என்று சொன்னாலும் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தால் 50 ரூபாய்க்கு யோசிக்காமல் புதுசு போடுங்கள்.

கொடைக்கானலில் மட்டும் வருதே?

கொடைக்கானலுக்கு சவாரி போகும் டிரைவர்கள் சிலர் சொல்வது இது: "மேல ராத்திரி தங்கினா காலையில பேட்டரி லோ-ன்னு காட்டுது. கீழே வத்தலக்குண்டு இறங்கினா போயிடுது. கார்லதான் ஏதோ கோளாறு."

காரில் கோளாறு இல்லை. குளிரில் பட்டன் பேட்டரியின் உள் எதிர்ப்பு கூடி அதன் பலம் குறையும். நல்ல பேட்டரி இதை தாங்கிக்கொள்ளும். பாதி தேய்ந்தது தாங்காது. சமவெளி வெயிலுக்கு வந்ததும் மறுபடி நிமிர்ந்து உட்காரும். எச்சரிக்கை மறைந்துவிட்டதே என்று நினைத்து விட்டுவிடக்கூடாது. மலையில் காட்டிக்கொடுத்த பேட்டரி, சீக்கிரமே ஊரிலும் காலை வாரும். மார்கழி காலையில் மட்டும் வரும் எச்சரிக்கைக்கும் இதே காரணம்தான்.

சாதாரணமாக ஒரு பட்டன் பேட்டரி ஓரிரு வருடம் ஓடும். போட்டு 6 மாதத்தில் இறங்கினால் சாவி வைக்கும் இடத்தை பாருங்கள். டி.வி. மேல், செல்போன் சார்ஜர் பக்கத்தில், இண்டக்ஷன் அடுப்பு ஓரத்தில் சாவியை வைத்தால், அவற்றில் இருந்து வரும் அலையை காரின் குரல் என்று நினைத்து சாவி அடிக்கடி விழித்துக்கொள்ளும். ஒரு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்லி கார் கம்பெனி புத்தகங்களிலேயே போட்டிருக்கிறது. வாசலில் கார், சுவருக்கு இந்தப்பக்கம் ஆணியில் சாவி என்று மாட்டினாலும் இரண்டும் ராத்திரி முழுக்க பேசிக்கொண்டே இருக்க வாய்ப்பு உண்டு. ஒரே பாக்கெட்டில் செல்போனையும் சாவியையும் ஒட்டி வைத்தால் சில நேரம் சாவியின் குரல் காருக்கு கேட்காமல் போகும். பேட்டரி மாற்றுவதற்கு முன் செல்போனை தள்ளி வைத்துவிட்டு ஒருமுறை முயற்சி செய்து பாருங்கள்.

மாற்றுவது எப்படி?

பெரும்பாலான சாவிகளில் சி.ஆர். 2032 என்ற பேட்டரிதான் இருக்கும். இந்த எண் ஏதோ மாடல் நம்பர் அல்ல, அளவு. 20 மில்லி மீட்டர் அகலம், 3.2 மில்லி மீட்டர் தடிமன். 2025 என்றால் அதே அகலம், தடிமன் 2.5. கடையில் 2032 இல்லை என்று 2025-ஐ கொடுத்தால் வாங்காதீர்கள். உள்ளே போய் உட்காரும், ஆனால் தளதளவென்று ஆடும். ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது. அப்புறம் கார் மேல் பழி போட்டுக்கொண்டு அலைய வேண்டியதுதான். பழைய பேட்டரியை கழற்றி எண்ணை பார்த்துவிட்டு கடைக்கு போவது நல்லது. சில கம்பெனி சாவியில் 1632, 2450 போன்ற அளவுகளும் உண்டு. எல்.ஐ.ஆர். என்று ஆரம்பிக்கும் சார்ஜ் ஏற்றும் வகை வேண்டாம். அதன் வோல்ட் அதிகம், சாவியின் போர்டை பதம் பார்த்துவிடும்.

சாவியின் பக்கவாட்டில் உள்ள சின்ன பட்டனை தள்ளி இழுத்தால் உள்ளே இருந்து ஒரு இரும்பு சாவி வெளியே வரும். அது இருந்த இடத்தில் ஒரு சந்து தெரியும். தட்டை ஸ்குரூ டிரைவர் முனையில் துணி சுற்றி அந்த சந்தில் மெல்ல திருகினால் மூடி இரண்டாக பிளக்கும். பிளஸ் எந்தப்பக்கம் பார்த்திருந்தது என்று செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். புது பேட்டரியின் இரண்டு முகத்தையும் விரலால் அமுக்கிப் பிடிக்காமல் ஓரத்தில் பிடித்து போடவேண்டும். விரல் எண்ணெய் பட்டாலே தொடர்பு கெடும். உள்ளே உள்ள மெல்லிய ரப்பர் வளையத்தை தொலைத்துவிட்டால் அடுத்த மழையில் சாவிக்குள் தண்ணீர் போகும்.

"பேட்டரியை கழட்டினா கோடிங் அழிஞ்சுடும்" என்று பயமுறுத்துவார்கள். பெரும்பாலான சாவிகளில் அந்த ரகசிய எண் பேட்டரி இல்லாவிட்டாலும் அழியாத சிப்பில் இருக்கிறது. மச்சானின் சாவி ஒரு ராத்திரி முழுக்க பேட்டரி இல்லாமல் கிடந்து, மறுநாள் புதுசு போட்டதும் முதல் அமுக்கிலேயே திறந்தது.

புதுசு போட்டும் எச்சரிக்கை போகவில்லையா? முதலில் நாலைந்து முறை திறந்து மூடி, ஒன்றிரண்டு தடவை ஸ்டார்ட் செய்யுங்கள். சில கார்களில் அதற்கு பிறகுதான் மறையும். அப்படியும் போகவில்லை என்றால், பேட்டரியே வருடக்கணக்கில் கடையில் தூங்கிய பழைய சரக்காக இருக்கலாம். அட்டையில் தேதி பார்த்து வாங்குங்கள். உள்ளே பேட்டரியை பிடிக்கும் தகடு வளைந்து தொடாமல் இருக்கலாம். இன்னொன்று பலருக்கும் தெரியாது. குழந்தைகள் வாயில் போட்டால் துப்பிவிட வேண்டும் என்பதற்காக சில பேட்டரிகளின் மேல் கசப்பு மருந்து பூசி இருப்பார்கள். அந்த பூச்சு சில கருவிகளில் தகடு தொடுவதை தடுத்துவிடுகிறது. ஆப்பிள் நிறுவனமே தனது ஏர்டேக் கருவிக்கு இப்படிப்பட்ட பேட்டரி சில ஒத்துப்போகாமல் போகலாம் என்று சொல்லி இருக்கிறது. பூச்சு இல்லாத வேறு பேட்டரி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இத்தனையும் செய்து, இரண்டாவது சாவி மட்டும் நன்றாக வேலை செய்து, இது மட்டும் மசியவில்லை என்றால் அப்போது சாவி போர்டை பார்க்கலாம், புது சாவி பற்றி பேசலாம். எடுத்ததும் ஆயிரக்கணக்கில் கேட்பவரிடம், "முதல்ல ஒரு புது பேட்டரி போட்டு என் கண் முன்னாடி காட்டுங்கண்ணே" என்று கேளுங்கள்.

நடுவழியில் செத்துவிட்டால்

அன்று கோவில் வாசலில் மச்சானுக்கு தெரியாமல் போனது இதுதான். கார் திறக்க வழி அவர் கையிலேயே இருந்தது. சாவிக்குள் ஒளிந்திருக்கும் அந்த இரும்பு சாவிக்கு டிரைவர் பக்க கதவில் ஒரு துவாரம் உண்டு. நிறைய கார்களில் அழகுக்காக அதை கைப்பிடி ஓரத்தில் பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்து வைத்திருப்பார்கள். மூடியை நெம்பி எடுத்தால் துவாரம் தெரியும். இப்படி திறக்கும்போது சில கார்கள் திருடன் வந்துவிட்டதாக நினைத்து 'பாம் பாம்' என்று கத்தும். பதற வேண்டாம். ஸ்டார்ட் ஆனதும் நின்றுவிடும்.

ஸ்டார்ட் எப்படி செய்வது? செத்த சாவியை ஸ்டார்ட் பட்டனிலேயே ஒட்டி வையுங்கள். ஹூண்டாய், கியா கார்களில் சாவியாலேயே பட்டனை அமுக்க வேண்டும். டொயோட்டாவில் சாவியின் முத்திரை உள்ள பக்கத்தை பட்டனில் தொடவைக்க வேண்டும். வேறு சில கார்களில் ஸ்டியரிங் தண்டு பக்கமோ, கப் வைக்கும் இடத்திலோ இதற்கென ஒரு இடம் இருக்கும். செல்போனை ஒயர் இல்லாமல் தட்டில் வைத்து சார்ஜ் ஏற்றுவதுபோல, அந்த இடத்தில் உள்ள காயில் சாவிக்குள் இருக்கும் இன்னொரு சிப்புக்கு தானே கரண்ட் கொடுக்கும். பேட்டரியே தேவை இல்லை. கியர் வண்டி என்றால் கிளட்சையும், ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கையும் நன்றாக மிதித்திருக்க வேண்டும். மிதிக்காமல் அமுக்கிவிட்டு, "இதுவும் வேலை செய்யலை" என்று கைவிட்டவர்கள் நிறைய பேர்.

பேட்டரி முழுசாக சாகாமல் இழுத்துக்கொண்டு இருந்தால் ஒரு வேடிக்கையான வழியும் இருக்கிறது. சாவியை தாடைக்கு கீழே ஒட்டி வைத்து அமுக்கினால் உடம்பே ஏரியல் மாதிரி வேலை செய்து கொஞ்சம் கூடுதல் தூரம் போகும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆனால் கதவு திறக்கும்.

பழைய கார் வாங்குபவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் உள்ளே இரும்பு சாவி இருக்கிறதா என்று இழுத்து பாருங்கள். சாவியை மாற்றும்போது அதை மட்டும் தொலைத்துவிட்டவர்கள் உண்டு. அந்த இரும்பு சாவியால் கதவு திறக்கிறதா என்று பேரம் பேசும்போதே ஒருமுறை போட்டு பார்த்துவிடுங்கள்.

குழந்தை உள்ளே இருந்தால்...

சாவி காருக்குள் இருக்கும்போது வெளியில் இருந்து பூட்ட விடாமல் ஸ்மார்ட் கார்கள் தடுக்கும். ஆனால் பேட்டரி சோர்ந்திருந்தால் உள்ளே சாவி கிடப்பதே காருக்கு தெரியாமல் போகலாம். பின் சீட்டில் குழந்தை, சீட் மேல் சாவி, கதவு பூட்டிக்கொண்டது என்றால் என்ன ஆகும்?

நெல்லை மாவட்டம் பணகுடி அருகே லெப்பைகுடியிருப்பில் 2022 ஜூன் மாதம் நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன 3 குழந்தைகள் வெளியே வரமுடியாமல் மூச்சுத்திணறி இறந்தது தமிழ்நாட்டையே உலுக்கியது. அது சாவி பேட்டரியால் நடந்தது அல்ல. ஆனால் வெயிலில் மூடிய கார் எவ்வளவு வேகமாக உயிரை எடுக்கும் என்பதை அது காட்டியது. குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். குழந்தை இருக்கும் இடத்துக்கு தூரமான பக்கவாட்டு கண்ணாடியின் மூலையில் அடித்து உடைத்துவிடுங்கள். 108-க்கு பக்கத்தில் நிற்பவரை கூப்பிடச் சொல்லுங்கள். கண்ணாடி போனால் போகட்டும்.

கழற்றிய பழைய பட்டன் பேட்டரியும் ஆபத்துதான். காருக்கு ஆகாத அந்த பேட்டரியில் ஒரு குழந்தையின் உணவுக்குழாயை 2 மணி நேரத்தில் அரிக்கும் அளவுக்கு பலம் மிச்சம் இருக்கும். அமெரிக்காவில் ஒன்றரை வயது குழந்தை இப்படி பட்டன் பேட்டரியை விழுங்கி இறந்த பிறகு, அந்த குழந்தையின் பெயரிலேயே 2022-ல் 'ரீஸ் சட்டம்' கொண்டு வந்தார்கள். குழந்தை விழுங்கியதாக சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக பெரிய ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். பழைய பேட்டரியின் இரண்டு பக்கமும் செலோ டேப் ஒட்டி, புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

மச்சான் இப்போது டேஷ்போர்டு பெட்டியில் ஒரு புது பேட்டரியை அட்டையை பிரிக்காமல் வைத்திருக்கிறார். "அதை கார் உள்ள வச்சா, கதவு திறக்கலைன்னா எப்படி எடுப்பீங்க?" என்று கேட்டோம். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, எடுத்து மணிபர்சில் வைத்துக்கொண்டார்.